நூறு வருகிறது, குரல் வரவில்லை!

"நூறு வருகிறது, ஸார்!"

இணையக் கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் இப்படிச் சொல்லிவிட்டு, தம் கைப்பேசியை எங்கள் மாடி வீட்டு ஹெட்மாஸ்டரின் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் மோட்டார் காரின் வேகமானி போல ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு முள். முள்ளுக்குக் கீழே 100 என்ற எண். ஹெட்மாஸ்டர் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நூற்றுக்கு நூறு வாங்கிய பையனை அவர் ஒருநாளும் பெஞ்சியின் மேல் ஏற்றியதில்லை. ஆகையால் மேற்கொண்டு வாதாட வழியில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

வந்தவர் தெருமுனை திரும்பியதும் என் பக்கம் பார்த்தார். "நூறு வருகிறதாம், தம்பி. என் பெண்ணின் குரல் மட்டும் வரமாட்டேன் என்கிறதே!" என்றார்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் இந்த நாடகத்தில் ஒரு காட்சியாவது நடந்திருக்கும். ஆகையால் இந்த வாரம் ஹெட்மாஸ்டர் வீட்டு விவகாரத்தையே உங்களிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இதில் கொஞ்சம் கணக்கு உண்டு. பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

ஹெட்மாஸ்டருக்கு ஒரே பெண். கல்யாணமாகி அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நமக்கு இரவு எட்டு மணி அடிக்கும்போது, அங்கே காலை வேளையில், வீடியோவில் கூப்பிடுவாள். அந்த அரை மணி நேரத்துக்காக ஹெட்மாஸ்டர் தம்பதி வாரம் முழுவதும் காத்திருப்பார்கள். ஆனால் மூன்று மாதமாகப் பேச்சு சரியாக நடக்கவில்லை. படம் உறைந்து நிற்கும். வாய் அசையும், வார்த்தை பின்னால் வரும். அதுகூடப் பரவாயில்லை. இவர், "சௌக்கியமா, அம்மா?" என்று கேட்பார். பதில் வராது. ஒரு விநாடி, இரண்டு விநாடி மௌனம். "என்ன, பேச மாட்டேன் என்கிறாயே?" என்று இவர் மறுபடி ஆரம்பிக்கும் அதே சமயத்தில் முதல் கேள்விக்கான பதில் வந்து இடிக்கும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் காத்திருப்பார்கள். இருவரும் மறுபடி ஒரே சமயத்தில் பேசுவார்கள். கடைசியில், "சரி அப்பா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று கட்.

"பெண்ணுக்கு நம்மோடு பேச இப்போதெல்லாம் பொறுமையில்லை" என்று ஹெட்மாஸ்டர் மாமியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். பின்னால் எனக்குத் தெரிந்த சமாசாரம் என்னவென்றால், அதே சமயத்தில் அங்கே அந்தப் பெண்ணும், "அப்பாவுக்கு என் மேல் என்னவோ கோபம், முகம் கொடுத்தே பேசுவதில்லை" என்று கணவரிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறாள்!

இரண்டு பேரிடமும் குற்றமில்லை. கம்பெனி இளைஞரும் பொய் சொல்லவில்லை. நூறு வந்தது வாஸ்தவம். ஆனால் அவர் அளந்தது ஒன்று. இவர்களுக்கு வேண்டியிருந்தது வேறொன்று.

எப்படி என்று கேளுங்கள்.

அந்த 100 என்பது விநாடிக்கு நூறு மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் சரக்கு வீட்டுக்குள் வந்து இறங்கும் என்று அர்த்தம். இது ரஸ்தாவின் அகலத்தைப் போன்றது. ஒரே சமயத்தில் எத்தனை வண்டி போகலாம் என்பதற்குத்தான் இது பதில். ஒரு வண்டி இங்கிருந்து புறப்பட்டு அங்கே போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்ற கேள்விக்கு இது பதிலே அல்ல. சினிமா பார்ப்பதற்கு அகலம் முக்கியம். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு நேரம்தான் முக்கியம்.

"அமெரிக்கா தூரமாயிற்றே, தாமதம் ஆகத்தானே செய்யும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸார்" என்றேன்.

போட்டார். கடலடிக் கேபிளில் கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து நியூஜெர்ஸிக்கு நேர்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். போய் வர 27,000. ஆக, விநாடியை ஆயிரம் பங்காக்கினால் 135 பங்கு. இதை 135 மில்லி விநாடி என்பார்கள். எவ்வளவு பணம் கட்டினாலும் எந்தக் கம்பெனியாலும் இதற்குக் கீழே குறைக்க முடியாது. கேபிள் வளைந்து வளைந்து போவதால் போகவர இருநூறு, இருநூற்றைம்பது ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வழிக்கு அதில் பாதி. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சுக்குத் தொந்தரவு இராது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் கணக்கு. ஆகவே சமுத்திரத்தின் மேல் பழி போட முடியாது. இரண்டு விநாடி மௌனம் வேறெங்கோ உற்பத்தியாகிறது. எங்கே?

அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். கருவிகளுக்குக் காலணா செலவில்லை. எல்லாம் இலவச மென்பொருள்கள்.

முதலில் வீட்டுக்குள்ளேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? இதற்கு 'ஐபெர்ஃப்' என்று ஒரு கருவி உண்டு. அமெரிக்காவில் விஞ்ஞானக் கூடங்களை இணைக்கும் ஈஎஸ்நெட் என்ற வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் இப்போதைய 'ஐபெர்ஃப் 3'ஐப் பராமரித்து வருகிறார்கள். இரண்டு கணினிகளில் இதைப் போட்டு, ஒன்றைக் காத்திருக்கச் சொல்லி, மற்றொன்றை அனுப்பச் சொன்னால், பத்து விநாடிக்குச் சரக்கை அள்ளி வீசிவிட்டு, விநாடிக்கு விநாடி எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பட்டியல் கொடுக்கும். இரண்டு முனையும் நம் கையில் இருப்பதுதான் இதன் சௌகரியம். நடுவில் உள்ள துண்டை மட்டும் தனியே எடைபோடலாம்.

ஹெட்மாஸ்டரின் மேஜைக் கணினிக்கும் என் பழைய மடிக்கணினிக்கும் நடுவே, ரவுட்டர் பெட்டி வழியாகக் கம்பி போட்டு அளந்தோம். என் மடிக்கணினி 100க்கு மேல் போகாத பழைய ரகம். வந்தது 94.

"பார்த்தீர்களா, 6 குறைகிறது!" என்று ஹெட்மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

குறையவில்லை. கம்பியில் ஒவ்வொரு பொட்டலமும் உறை, முகவரி, முன்பின் இடைவெளி எல்லாம் சேர்ந்து 1,538 பைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதில் உள்ளே இருக்கும் சரக்கு 1,448 பைட்தான். வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. அவர் வகுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்து, பேனாவை மூடினார். வீட்டுக்குள் கோளாறு இல்லை என்பது ருசுவாகிவிட்டது.

அடுத்தது தாமதம். இதற்கு 'பிங்' என்று ஒரு கருவி. இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1983ஆம் வருஷம் டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர் வேலை பார்த்து வந்தார். அங்கே வலையமைப்பு என்னவோ தகராறு செய்தது. ஒரே மாலைப்பொழுதில் உட்கார்ந்து சுமார் ஆயிரம் வரியில் ஒரு சிறு நிரலை எழுதி முடித்தார். அது செய்கிற காரியம் மிகவும் எளியது. தூரத்துக் கணினியிடம், "இருக்கிறாயா?" என்று கேட்கும். அது "இருக்கிறேன்" என்று திருப்பிச் சொல்லும் வரையில் எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் உலகம் முழுவதும் இது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

தம் காதில் விழுந்த பிங் கதைகளிலெல்லாம் மிகச் சிறந்தது என்று மூஸே சொல்லியிருக்கும் கதை ஒன்று உண்டு. ஓர் ஆபீஸில் வலையமைப்பு அடிக்கடி அறுந்துபோகும். எந்தக் கம்பியில் தளர்ச்சி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பொறுப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? பதில் வரும்போதெல்லாம் கணினி "பிங்! பிங்!" என்று வாய்விட்டுக் கத்தும்படி செய்து, ஒலிபெருக்கியைக் காது கிழியும்படி வைத்துவிட்டு, கட்டடம் முழுவதும் ஒவ்வோர் இணைப்பாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கே ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அங்கே திருடன் அகப்பட்டான்!

நாங்களும் திருடனைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணிக்கே உட்கார்ந்துவிட்டோம். கம்பெனி இளைஞர் வந்தது புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு. வியாதி வருவதோ ஞாயிறு இரவு எட்டுக்கு. ஜுரம் இல்லாத நேரத்தில் தர்மாமீட்டர் வைத்து என்ன பயன்?

வழியில் உள்ள படிகளைக் காட்டும் 'ட்ரேஸ்ரூட்' என்ற இன்னொரு கருவியைக் கொண்டு, வீட்டைவிட்டு வெளியேறியதும் வரும் கம்பெனியின் முதல் வாசலின் எண்ணைத் தெரிந்துகொண்டோம். அந்த வாசலுக்கே பிங் அனுப்பினேன். நான் எண்ணைப் படிக்க, ஹெட்மாஸ்டர் பழைய நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். ஏழரைக்கு 12 மில்லி விநாடி. 7-40க்கு 11. 7-50க்கு 640! எட்டு மணிக்கு 1,040!

அடுத்த தெருவில் இருக்கும் வாசலுக்குப் போய் வர ஒரு விநாடிக்கு மேல்! அமெரிக்கா போய் வருவதைப்போல் நாலைந்து மடங்கு!

"ஏழே முக்காலுக்கு இந்த வீட்டில் என்ன நடந்தது?" என்று நான் துப்பறியும் நாவல் பாணியில் கேட்டேன்.

"ஒன்றும் நடக்கவில்லையே. மாமி விளக்கேற்றினாள். தன் போனை சார்ஜில் போட்டாள்..."

சமையலறையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "ஏன், போன் சார்ஜ் ஏறக் கூடாதா?"

விஷயம் இதுதான். மாமி மூன்று மாதமாக ஞாயிறுதோறும் ஒரு சமையலைப் படமெடுத்து வருகிறார். வற்றல் குழம்பு, மோர்க் களி, பருப்புத் துவையல். பெண் அங்கே தனியாகத் திண்டாடுகிறாளே என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியம். பத்துப் பன்னிரண்டு நிமிஷப் படம், ஒன்றரை கிகாபைட் கனம். சார்ஜில் போட்டதும் போன் அந்தப் படத்தைத் தானாகவே இணையக் கிடங்குக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். ஹெட்மாஸ்டர் வீட்டு இணைப்பில் இறங்கும் வழிதான் 100. ஏறும் வழி வெறும் 5. ஒன்றரை கிகாபைட் ஏறி முடிய நாற்பது நிமிஷம் ஆகும். ஏழே முக்காலிலிருந்து எட்டு இருபத்தைந்து வரை! கம்பெனி இளைஞரின் முள் காட்டியது இறங்கும் வழியை. அடைத்துக்கொண்டிருந்தது ஏறும் வழி.

"வழி அடைபட்டால் படம் மெதுவாகப் போகட்டும். என் குரல் ஏன் நிற்க வேண்டும்?" என்றார் ஹெட்மாஸ்டர். நல்ல கேள்வி. இதே கேள்வியில் பெரிய நிபுணர்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

2010ஆம் வருஷம் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர் வீட்டில் இதே வியாதி. அவர் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். "இணையம் இன்றைக்கு மந்தம்" என்று வீட்டார் அடிக்கடி புகார் சொல்வார்கள். ஒருநாள் பெரிய கோப்பு ஒன்றை வெளியே அனுப்பிக்கொண்டே பிங் அளவைப் பார்த்தார். ஒரு விநாடிக்கு மேல் தாமதம்! துருவித் துருவி ஆராய்ந்ததில், இது தம் வீட்டு வியாதி மட்டுமல்ல, ஊர் வியாதி என்று கண்டார்.

காரணத்தை ஒரு பார்சல் ஆபீஸாக நினைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் சரக்கு அனுப்புகிறவனுக்கு வழியின் அகலம் முன்கூட்டித் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் அனுப்பிப் பார்ப்பான். "இடமில்லை" என்று ஒரு பொட்டலத்தைத் தூக்கி எறிந்தால்தான் வேகத்தைக் குறைப்பான். இந்த அடக்கத்தை அவனுக்குக் கற்பித்தவர்களில் முக்கியமானவர் வான் ஜேக்கப்ஸன். 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே நெரிசல் ஏற்பட்டு, விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இடத்தில் வெறும் 40 பிட் ஊர்ந்ததை அளந்து பார்த்து, அதற்கு மருந்து கண்டவர் அவர்.

ஆனால் பின்னாளில் மெமரி விலை மலிந்தது. பெட்டி செய்கிறவர்கள், "ஒரு பொட்டலமும் வீணாகக் கூடாது" என்ற நல்லெண்ணத்தில், ஜன்னலுக்குப் பின்னால் பிரம்மாண்டமான கொட்டகை கட்டிவிட்டார்கள். இப்போது "இடமில்லை" என்ற பேச்சே எழுவதில்லை. மாமியின் படம் மூட்டை மூட்டையாக வந்து கொட்டகையை நிரப்புகிறது. விநாடிக்கு 5 மெகாபிட் போகும் வழியில் ஆறே கால் லட்சம் பைட் மூட்டை குவிந்தால் ஒரு விநாடித் தாமதம். ஹெட்மாஸ்டரின் "சௌக்கியமா, அம்மா?" என்பது ஒரு சின்னத் தபால் கார்டு. அது அத்தனை மூட்டைக்கும் பின்னால் வரிசையில் நிற்கிறது!

பெண்ணுக்கு அனுப்பிய வற்றல் குழம்பு, பெண்ணோடு பேசும் பேச்சை மறித்துக்கொண்டு நின்றது, பாருங்கள்.

மாமி அன்றே படமெடுப்பதை நிறுத்திவிடத் தயாராகிவிட்டார். அதற்கு அவசியமில்லை. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்ஸனும் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். கொட்டகையில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று பார்க்காதே. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்று பார். 5 மில்லி விநாடிக்கு மேல் தொடர்ந்து தேங்கினால் ஒன்றைத் தூக்கி எறி, அனுப்புகிறவன் புரிந்துகொள்வான். பின்னால் வேறு சிலர் இதோடு இன்னொரு நியாயத்தையும் சேர்த்தார்கள்: மூட்டைக்காரர்களுக்குத் தனி வரிசை, கார்டுக்காரர்களுக்குத் தனி வரிசை. 'எஃப்க்யூ-கோடெல்' என்ற இந்த முறை 2018இல் இணைய விதிமுறை ஏடுகளில் 8290ஆம் எண்ணில் ஏறியது.

நல்லவேளையாக ஹெட்மாஸ்டரின் ரவுட்டரில் இந்த ஏற்பாடு உறங்கிக்கொண்டிருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதை எழுப்பிவிட்டேன். ஏறும் வேகத்தை 5க்குப் பதில் நாலரை என்று குறித்தேன். வெளி வழியின் அகலத்தைவிடச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால்தான், வரிசை கம்பெனியின் கொட்டகையில் சேராமல், புத்தியுள்ள நம் ரவுட்டரிலேயே சேரும். அரை மெகாபிட் நஷ்டம். மாமியின் படம் ஏற நாலைந்து நிமிஷம் அதிகம். அவ்வளவுதான்.

மறுபடி மாமியின் போனை சார்ஜில் போட்டு, படம் ஏற ஏற, பிங் அனுப்பினோம். 1,040 இருந்த இடத்தில் 22. ஹெட்மாஸ்டர் நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ரவுட்டரைத் தொட ஆளில்லாவிட்டாலும் அளப்பதற்கு நீங்களே போதும். வின்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். நாலு முறை கேட்டுவிட்டு நேரத்தைச் சொல்லும். வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது ஒருமுறை. ஒரு பெரிய படத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. இரண்டாவது எண் பத்து மடங்காகப் பெருகினால் உங்கள் வீட்டிலும் கொட்டகை இருக்கிறது. அடுத்த தடவை கம்பெனியிலிருந்து வருகிறவரிடம், "நூறு வருகிறதா?" என்று கேட்காதீர்கள். ஏறும் வழி எவ்வளவு, எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள், வழி நிறைந்திருக்கும்போது தாமதம் எவ்வளவு என்று கேளுங்கள். நோட்டையும் காட்டுங்கள். ரவுட்டரை மாற்ற முடியாதவர்கள், முக்கியமான பேச்சு முடிந்த பிறகு போனை சார்ஜில் போட்டாலும் போதும்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு என்னையும் மேலே கூப்பிட்டார்கள். மாமியின் போன் மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டு, அன்றைய மிளகு ரசத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சௌக்கியமா, அம்மா?" என்றார்.

"சௌக்கியம், அப்பா!" என்று உடனே பதில் வந்தது. வந்த வேகத்தில் இவர்தான் ஒரு கணம் பேச்சற்றுப் போனார். பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"என்னப்பா, இன்னும் கோபமா?" என்றாள்.

"கோபமா? யாருக்கு?" என்றார் ஹெட்மாஸ்டர். "மூன்று மாதமாக உன் அம்மாவின் வற்றல் குழம்புக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் என் முறை வந்தது!"

அன்று பேச்சு ஒன்றே கால் மணி நேரம் நடந்தது. பாதியிலேயே நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.